ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து குல்மார்க் வரை

குல்மார்க்குக்குத் தனி விமான நிலையம் கிடையாது. ஸ்ரீநகரில் இறங்கிச் சாலை வழியாகத்தான் மேலே போக வேண்டும். நகரத்திலிருந்து சுமார் 50 கி.மீ. கோடையில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். “ஐம்பது கிலோமீட்டர்தானே, சாயங்கால விமானத்தில் இறங்கினாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஓட்டலில் இருக்கலாம்” என்று கணக்குப் போட்டு டிக்கெட் எடுப்பவர்கள்தான் ஜனவரி மாத இருட்டில் மலையடிவார டங்மார்க் கடைத்தெருவில் பெட்டியும் கையுமாக நிற்கிறார்கள்.

இந்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஸ்ரீநகரிலிருந்து டங்மார்க் வரை பெரும்பாலும் சமதளம். வயலும் கடைத்தெருவுமாகப் போகும் நல்ல சாலை. டங்மார்க்கிலிருந்து குல்மார்க் வரை உள்ள 13 கி.மீ., பைன் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. பனி விழுந்த நாளில் நீங்கள் எப்போது மேலே போவீர்கள், எந்த வண்டியில் போவீர்கள், எவ்வளவு செலவாகும், போக முடியுமா முடியாதா என்பதையெல்லாம் தீர்மானிப்பது இந்த 13 கி.மீ.தான். ஆகவே மலைப்பாதையை முதலில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, கடைசியில் விமான டிக்கெட் எடுங்கள்.

உயரம் பிடிபடுவதற்கு ஒரு கணக்கு: ஊட்டி தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். குல்மார்க் புல்வெளி 2,650 மீட்டர். நாம் உச்சி என்று ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் உயரத்தில் அங்கே ஓட்டல்களும் வண்டி ஸ்டாண்டும் இருக்கின்றன. பனிச்சறுக்குக்கான மலை அதற்கும் மேலே தொடங்குகிறது.

எந்த மாதம்?

பனிச்சறுக்குப் பருவம் பொதுவாக டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை. காஷ்மீரிகள் டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் 40 நாளைச் சில்லை கலான் என்பார்கள். ஆண்டின் கடுங்குளிர் அப்போதுதான். அதன் பின் 20 நாள் சில்லை குர்த், 10 நாள் சில்லை பச்சா. ஜனவரி, பிப்ரவரியில் பனி நன்றாக இருக்கும் என்பது பழைய அனுபவம். ஆனால் அதை எழுதி வைத்த உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை குல்மார்க் சரிவுகள் வறண்டு கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

வறண்ட வாரத்தில் சாலை சுலபம், சறுக்கல் கஷ்டம். பனி கொட்டிய வாரத்தில் அப்படியே தலைகீழ். சறுக்கத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டாவதற்குத் தயாராகப் போவதே புத்திசாலித்தனம்.

எத்தனை மணிக்கு இறங்க வேண்டும்?

டிசம்பர் கடைசியில் ஸ்ரீநகரில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்; ஜனவரி முடிவில் ஆறு மணி வாக்கில். பகல் வெயிலில் கசிந்த பனிநீர், வெயில் இறங்கியதும் தார்மேல் மெல்லிய பனிக்கட்டியாக உறைகிறது. வெள்ளையாக இல்லாததால் அது கண்ணுக்கும் தெரியாது. உள்ளூர் டிரைவர்கள் பெரும் பனிக்குக்கூட அவ்வளவு யோசிப்பதில்லை. இந்த வழுக்குக்குத்தான் யோசிக்கிறார்கள். அதனால் இருட்டுவதற்கு முன் மேலே போய்விட வேண்டும்.

பின்னோக்கிக் கணக்கு இப்படி:

- குல்மார்க்கில் இறங்க வேண்டிய நேரம்: மாலை 4.30
- டங்மார்க்கிலிருந்து மேலே: சாலை சுத்தமாக இருந்தால் முக்கால் மணிக்குள், பனி இருந்தால் ஒரு மணி அல்லது அதற்கும் மேல்
- டங்மார்க்கில் வண்டி மாற்ற, டயரில் பனிச் செயின் மாட்ட: அரை மணி
- ஆக, டங்மார்க்கைத் தொட வேண்டிய நேரம்: பகல் 3 மணி
- விமான நிலையத்திலிருந்து டங்மார்க்: ஒன்றரை மணி
- பெட்டி எடுத்து, வண்டி பிடித்து வெளியேற: முக்கால் முதல் ஒரு மணி

விமானம் பகல் 12.30-க்குள் தரையைத் தொட்டாக வேண்டும். பதினொன்றுக்கு இறங்கினால் இன்னும் நிம்மதி. இரண்டு மணிக்கு மேல் இறங்கும் விமானம்தான் கிடைத்தது என்றால், அன்றிரவு ஸ்ரீநகரில் தங்கிவிட்டு மறுநாள் காலை புறப்படுங்கள். தங்குவதற்காக தால் ஏரிக்கரை வரை போகத் தேவையில்லை. அது நகரத்தின் மறுகோடி. விமான நிலையத்துக்கும் குல்மார்க் சாலைக்கும் பக்கமாக ஹைதர்போராவில் ஓட்டல்கள் உண்டு. காலை நெரிசலில் அரை மணியாவது மிச்சமாகும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் டெல்லியில் மாறித்தான் ஸ்ரீநகருக்குப் பறக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் டெல்லியின் காலை மூடுபனி பெயர்பெற்றது. ஸ்ரீநகரில் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் விமானம் டெல்லியில் நின்றுகொண்டிருக்கும். இதற்கு இரண்டு காப்பு. முதலாவது, சென்னை-டெல்லி, டெல்லி-ஸ்ரீநகர் இரண்டையும் ஒரே பி.என்.ஆரில் எடுப்பது. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், மாற்று விமானம் தர வேண்டிய பொறுப்பு விமான நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும். இரண்டாவது, முதல் நாள் இரவே டெல்லி போய்த் தங்கிவிடுவது. எந்த முனையம் என்பதையும் பாருங்கள். டெல்லியில் முதல் முனையமும் மூன்றாம் முனையமும் பல கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. நடந்து மாற முடியாது.

கிளம்புவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

*சிம் கார்டு.* வெளிமாநில ப்ரீபெய்டு எண்கள் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். இது தெரியாமல் இறங்கினால் டிரைவருக்கு போன் போகாது, ஓ.டி.பி. வராது, ஜிபே திறக்காது. நான்கு பேர் போனால் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு எண் இருக்கட்டும். இல்லையென்றால் ஊரிலேயே மாற்றிக்கொண்டு புறப்படுங்கள்.

*கைப்பணம்.* குல்மார்க்கில் ஏ.டி.எம். உண்டு. பனிநாளில் மின்சாரமும் சிக்னலும் படுத்தால் அதுவும் படுக்கும். முதல் நாள் வண்டிக்கும் கூலிக்கும் ஆகிற தொகையைச் சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

*கைப்பை.* கையுறை, குல்லாய், கம்பளிக் காலுறை, பனியில் வழுக்காத பூட்ஸ், வழக்கமான மாத்திரைகள் ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டி அடுத்த விமானத்தில் வந்தாலும் நீங்கள் மலை ஏறிவிடலாம். பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது.

*வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு.* கனடா, பிரிட்டன், சுவிஸிலிருந்து வரும் தமிழர்கள் ஸ்ரீநகர் விமான நிலையத்தில் வெளிநாட்டவர் பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அந்நாடுகளில் மலைச்சறுக்குக்குப் போகிறவர்கள் அவசரத்துக்கு வைத்திருக்கும் செயற்கைக்கோள் போன், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவி இரண்டுக்கும் இந்தியாவில் முன்அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் கைதானவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

*அரசு அறிவிப்பு.* 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் காஷ்மீரின் பல சுற்றுலாத் தலங்கள் சில காலம் மூடப்பட்டன. டிக்கெட் எடுக்கும்போதும், புறப்படும் வாரத்திலும் நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

விமான நிலையத்தில்

ஸ்ரீநகரின் ஷேக்-உல்-ஆலம் விமான நிலையம் பட்காம் மாவட்டத்தில், நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. இது விமானப்படைத் தளமும்கூட. ஓடுபாதையையும் சுற்றுப்புறத்தையும் படம் எடுக்கக் கூடாது. ஜன்னல் திரையை மூடச் சொன்னால் மூடிவிடுங்கள்.

பெட்டி எடுத்து வெளியே வந்ததும் ப்ரீபெய்டு டாக்ஸி கவுன்ட்டர் இருக்கும். வண்டி வகைக்கும் ஊருக்கும் ஏற்ற கட்டணம் அங்கே எழுதியிருக்கும். மீட்டர் கிடையாது, ஊர்க் கணக்குதான். ஓட்டலிலிருந்து வண்டி வரச் சொல்லியிருந்தால்கூட அந்தப் பலகையை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒப்புக்கொண்ட தொகை நியாயமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

எந்த வண்டி?

*ஓட்டல் வண்டி.* பனிக்காலத்தில் முதல் தேர்வு இதுதான். மேலே சாலை எப்படி இருக்கிறது என்று காலையிலேயே தெரிந்துகொண்டுதான் டிரைவர் கீழே இறங்குவார். செயின் வைத்திருப்பார். விமானம் தாமதமானாலும் ஓட்டலுக்குத் தகவல் சொல்லிவிடலாம். கட்டணம் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

*ப்ரீபெய்டு டாக்ஸி.* சாலை சுத்தமாக இருக்கும் நாளில் இதுவே போதும். பனி நாளில் ஏறுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இந்த வண்டி குல்மார்க் வரை போகுமா, டங்மார்க்கோடு நின்றுவிடுமா? பல வண்டிகள் டங்மார்க்கோடு நின்றுவிடும். அது ஏமாற்று வேலை இல்லை. நிர்வாகத்தின் விதி அப்படி. ஆனால் முன்கூட்டித் தெரியாவிட்டால் இரண்டாம் வண்டிச் செலவு கையைக் கடிக்கும்.

*பகிர் சுமோ.* ஸ்ரீநகரிலிருந்து டங்மார்க்குக்கு ஆள் சேர்த்து ஓடும் சுமோக்கள் மலிவு. விமான நிலையத்திலிருந்து முதலில் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும், ஆள் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும், டங்மார்க்கில் மறுபடி மாற வேண்டும். முதுகுப்பையோடு தனியாக வரும் இளைஞர்களுக்குச் சரி. குழந்தையும் நான்கு பெட்டியுமாக வரும் குடும்பத்துக்கு ஒத்துவராது.

*அரசுப் பேருந்து.* ஸ்ரீநகர் சுற்றுலா வரவேற்பு மையத்திலிருந்து குல்மார்க்குக்குச் சுற்றுலாப் பேருந்து உண்டு. காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு ஏற்றது. அன்றைக்கு விமானத்தில் இறங்குகிறவர்களுக்கு நேரம் பொருந்தாது.

*நீங்களே ஓட்டுவது.* பனிச் சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் இந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிய கை என்பது இங்கே கணக்கில் வராது. பனியில் பிரேக் போட்டால் வண்டி நிற்பதற்குப் பதிலாகச் சறுக்கிக்கொண்டு போகும்.

டிரைவர்களிடம் இந்தியில் பேசலாம். நான்கு வாக்கியம் தெரிந்தால் போதும்:

- செயின் சாத் மே ஹை க்யா? (செயின் கையில் இருக்கிறதா?)
- ஆஜ் ஊபர் கா ராஸ்தா குலா ஹை? (இன்று மேலே வழி திறந்திருக்கிறதா?)
- டங்மார்க் மே காடி பதல்னீ படேகீ? (டங்மார்க்கில் வண்டி மாற வேண்டுமா?)
- ஹோட்டல் தக் ஜாயேகா, யா ஸ்டாண்ட் தக்? (ஓட்டல் வரை வருமா, ஸ்டாண்ட் வரைதானா?)

சமவெளிச் சாலை

விமான நிலையத்திலிருந்து ஹைதர்போரா, அங்கிருந்து பைபாஸ் வழியாகப் பாரிம்போரா, பிறகு நார்பல். நார்பலில் பாரமுல்லா நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் பிரிந்தால் குல்மார்க் சாலை. மாகாம், குன்சர் கடைத்தெருக்களைத் தாண்டி டங்மார்க். சில டிரைவர்கள் நகரத்தைத் தொடாமல் பட்காம் வழியே நேராக மாகாமுக்குப் போவார்கள். கவலைப்பட வேண்டாம், அதுவும் சரியான வழியே.

இந்தப் பகுதியில் நேரம் தின்பது நெரிசல்தான். டீ குடிப்பதென்றால் மாகாமில் குடித்துக்கொள்ளுங்கள். அங்கேயே கழிப்பறை வேலையையும் முடித்துவிடுங்கள். மேலே பனியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றால் நடுக்காட்டில் ஒரு வசதியும் இருக்காது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சாலையோரக் கடைகளில் பருப்பும் சோறும் ராஜ்மாவும் கிடைக்கும்.

டங்மார்க்: எல்லாம் முடிவாகும் இடம்

மலையடிவாரச் சிற்றூர். கடைத்தெரு, டாக்ஸி ஸ்டாண்ட், அரசு மருத்துவமனை, சில ஓட்டல்கள். பனி நாளில் போலீஸ் இங்கே வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டியாக இருக்க வேண்டும், அல்லது டயரில் செயின் மாட்டியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத வண்டி மேலே போகாது. பனி மிகவும் கொட்டினால், அகற்றும் இயந்திரம் வந்து வழி செய்யும் வரை எல்லா வண்டியும் நிற்கும்.

வண்டி மாற வேண்டியிருந்தால், புதிய வண்டியில் பெட்டி ஏற்றுவதற்கு முன் மூன்று விஷயங்களை வாய்விட்டுப் பேசி முடியுங்கள். மொத்த வண்டிக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்பதில் குழப்பம் கூடாது. ஓட்டல் பெயரைச் சொல்லி, வாசல் வரையா ஸ்டாண்ட் வரையா என்று கேளுங்கள். திரும்பி வருவதும் இதில் சேர்த்தியா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

செயின் மாட்டுவதை இறங்கி நின்று பாருங்கள். பொழுதுபோக்குக்காகச் சொல்லவில்லை. உங்கள் உயிர் அந்த இரண்டு கொக்கியில் இருக்கிறது. இரும்புச் செயினை முறுக்கு எடுத்து டயர்மேல் போர்த்துவார்கள். வண்டியை ஒரு முழம் முன்னே நகர்த்துவார்கள். டயரின் உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு வெளிப்பக்கத்தை இழுத்துப் பூட்டுவார்கள். எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறதோ அந்தச் சக்கரத்தில்தான் செயின் இருக்க வேண்டும். சுமோவில் அது பின்சக்கரம். சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம். தொளதொளவென்று தொங்கினால் ஓடும்போது அறுந்து சக்கரக் கூண்டில் அடிக்கும். நல்ல டிரைவர் சில நூறு மீட்டர் போனதும் தானே நிறுத்தி இறங்கி ஒருமுறை இறுக்குவார். “சீக்கிரம் போப்பா” என்று அப்போது அவசரப்படுத்தாதீர்கள்.

இன்னொரு விஷயம், பூட்ஸ் கடைகள். டங்மார்க்கில் கம்பூட்டும் மேல்கோட்டும் வாடகைக்குத் தரும் கடை வாசலில் டிரைவர் வண்டியை நிறுத்துவார். கையில் நல்ல பூட்ஸும் ஜாக்கெட்டும் இருப்பவர்களுக்கு அது தேவையே இல்லை. சறுக்கப் போகிறவர்களுக்கான ஸ்கீ பூட்ஸ், சறுக்குப் பலகை, கம்பு, பனி நனைக்காத கால்சட்டை எல்லாம் குல்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. காலில் கேன்வாஸ் ஷூ போட்டு வந்திருந்தால் மட்டும் எடுங்கள். எடுப்பதென்றால் அளவு சரிபார்த்து, உள்ளே இரட்டைக் காலுறை போட்டுப் பாருங்கள். ரப்பர் பூட்டு நனையாது, ஆனால் குளிரைத் தடுக்காது.

கடைத்தெருவிலேயே கைடுகளும் வந்து சூழ்வார்கள். கைடு இல்லாமல் கோண்டோலாவில் (குல்மார்க் கேபிள் காரில்) ஏற முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோண்டோலா டிக்கெட்டைக் கேபிள் கார் கழகத்தின் இணையதளத்தில் முன்கூட்டி எடுத்துவிடலாம். பருவ நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் அப்படி எடுப்பதே நல்லது. எடுப்பவர்கள் வந்து சேரும் நாளுக்கு எடுக்காமல் மறுநாளைக்கு எடுங்கள்.

கடைசி 13 கி.மீ.

வண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும். செயின் தார்மேல் உரசும் இடத்தில் கடகடவென்று சத்தம் பலமாக வரும், பனிமேல் ஏறியதும் அடங்கிவிடும். எதிரே இறங்கும் வண்டிக்கு வழிவிட ஓரம் கட்டும்போது பின்பக்கம் லேசாக வழுக்கும். பயப்பட வேண்டாம், கதவையும் திறக்க வேண்டாம். வண்டி ஏறாமல் நின்றுவிட்டால் டிரைவர் சொன்ன பிறகு இறங்கி, சாலையின் மலைப்பக்கமாக நில்லுங்கள். வழுக்கும் வண்டிக்குப் பின்னால் போய் நின்று தள்ள வேண்டாம்.

வயிற்றுக் குமட்டல் உள்ளவர்கள் டங்மார்க்கிலேயே மாத்திரை போட்டு முன்சீட்டில் உட்காருங்கள். நடுவழியில் படம் எடுக்க நிறுத்தச் சொல்லாதீர்கள். ஏற்றத்தில் நின்ற வண்டியைப் பனியில் மறுபடி கிளப்புவது சிரமம்; பின்னால் வரும் வண்டிகளும் மாட்டிக்கொள்ளும்.

மேலே இறங்கியதும்

குல்மார்க் அகன்ற கிண்ணம்போன்ற புல்வெளி. ஓட்டல்கள் ஒரே இடத்தில் இல்லாமல் சுற்றிலும் சிதறிக் கிடக்கின்றன. பனி அதிகமான நாளில் வண்டி ஸ்டாண்டோடு நின்றுவிடலாம். அங்கிருந்து பெட்டிகளை மரச் சறுக்குவண்டியில் கட்டி இழுத்துப்போக ஆட்கள் வருவார்கள். ஓட்டல் பெயரையும் பெட்டி எண்ணிக்கையையும் சொல்லித் தொகை பேசிக்கொள்ளுங்கள். நீங்களும் அதில் உட்கார்ந்து வர வேண்டும் என்று வற்புறுத்துவார்கள். விருப்பம் இருந்தால் மட்டும் உட்காருங்கள். பேரம் பேசலாம், அவமதிக்க வேண்டாம். அவர்கள் வருமானத்தின் பெரும்பகுதி இந்தச் சில மாதங்களில்தான் வருகிறது.

அறைக்குள் போனதும் இரண்டு காரியம். வெந்நீர் குடித்து ஒரு மணி நேரம் ஓய்வெடுங்கள். 2,650 மீட்டரில் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆகாது. சிலருக்கு லேசான தலைவலி, மூச்சிரைப்பு வரும். கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டர் வரை கொண்டுபோகும் என்பதால், முதல் நாள் ஓய்வு மறுநாள் கைகொடுக்கும். அடுத்து, அறையைச் சூடாக்குவது எது என்று பாருங்கள். விறகு எரியும் புகாரி அடுப்பு, கேஸ் ஹீட்டர், கரி போட்ட காங்க்ரிச் சட்டி எதுவானாலும் ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். தூங்கும்போது எரிய விடாதீர்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் சேர்ந்து ஆளைக் கொல்லும். மின்சாரக் கம்பளியே பாதுகாப்பு.

வழி அடைபட்டால்

குளிர்காலக் காஷ்மீருக்குப் பனியைக் கொண்டுவருபவை, மத்தியதரைக்கடல் பக்கமிருந்து கிழக்கே நகரும் காற்றழுத்த அமைப்புகள். வானிலைச் செய்தியில் ‘வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்’ என்ற சொல் கண்ணில் பட்டால் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு மூன்று நாள் முன்பே முன்னறிவிப்பு வந்துவிடும்.

*டங்மார்க்கில் வழி மூடினால்:* மூன்று மணிக்குள் திறக்கும் என்று போலீஸ் சொன்னால் காத்திருங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் அங்கேயே அறை எடுங்கள். இருட்டில் ஸ்ரீநகருக்குத் திரும்புவதைவிட, மறுநாள் காலை முதல் வண்டியில் மேலே போவது மேல். குல்மார்க் ஓட்டலுக்கு உடனே சொல்லிவிடுங்கள். பனியால் வர முடியாத இரவை வேறு தேதிக்கு மாற்றித் தர முடியுமா என்றும் கேளுங்கள்.

*ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தானால்:* முன்பு இருந்த ஒரே மாற்று, ராம்பன் பகுதியில் அடிக்கடி மண் சரியும் ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலை. 2025 ஜூன் 7 முதல் கட்ரா-ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயிலும் உண்டு. ஆற்றுமட்டத்திலிருந்து 359 மீட்டர் உயரத்தில் செனாப் பாலத்தைக் கடந்து சுமார் மூன்று மணி நேரத்தில் சேர்த்துவிடுகிறது. உறைபனிக்கென்று சூடேற்றும் வசதிகளோடு செய்த பெட்டிகள். ஜம்முவுக்குப் பறந்து, சாலையில் சுமார் 50 கி.மீ. போனால் கட்ரா. விமானங்கள் ரத்தான அன்று எல்லோரும் இதே யோசனையோடு ஓடுவார்கள். ஆகவே ரத்துச் செய்தி வந்ததும் முதல் வேலையாக ரயிலில் இடம் பாருங்கள்.

திரும்பும் நாள்

திரும்பும் நாளில் கணக்கு இன்னும் கண்டிப்பானது. இரவு உறைந்த பனிக்கட்டி அதிகாலையில் அப்படியே இருக்கும், இறக்கம் ஏற்றத்தைவிட ஆபத்து. வெயில் பட்டபின் இறங்குவதே நல்லது. அதனால் காலை விமானத்தில் டிக்கெட் எடுக்காதீர்கள்; பிற்பகல் விமானமே தோது.

ஸ்ரீநகர் விமான நிலையச் சோதனைகள் மற்ற ஊர்களைவிட அதிகம். முனையத்துக்கு வெகு முன்பே ஒரு வாசலில் எல்லோரும் இறங்கி, எல்லாப் பெட்டியையும் எக்ஸ்ரேயில் போட்டு, உடல் சோதனை முடித்து மறுபடி வண்டியில் ஏற வேண்டும். முனையத்தில் மீண்டும் ஒரு சுற்று. பருவ நாட்களில் அந்த முதல் வாசலில் வண்டி வரிசை நீளும். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக அந்த வாசலைத் தொடுங்கள். அதற்கும் மூன்று மணி நேரம் முன்னதாகக் குல்மார்க்கில் வண்டி ஏறுங்கள். நான்கு மணி விமானம் என்றால் காலை பத்துக்குப் புறப்பட வேண்டும். முதல் நாள் இரவு பனி கொட்டியிருந்தால் ஒன்பதுக்கே.

மறுநாள் ஊரில் தவறவிட முடியாத வேலை இருந்தால் கடைசி இரவைக் குல்மார்க்கில் வைக்காமல் ஸ்ரீநகரில் வையுங்கள்.

புறப்படும் முன் ஒரு பார்வை

- ஸ்ரீநகரில் விமானம் இறங்கும் நேரம் பகல் 12.30-க்குள் இருக்கிறதா?
- இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கின்றனவா?
- குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு எண் இருக்கிறதா?
- அசல் அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கிறதா? குழந்தைகளுக்கும்?
- குளிர் உடை கைப்பையில் இருக்கிறதா?
- வண்டி ஓட்டல் வரை வருமா, டங்மார்க்கோடு நிற்குமா என்று கேட்டாயிற்றா?
- அடுத்த மூன்று நாள் முன்னறிவிப்பில் பனி உண்டா?
- டங்மார்க்கில் ஒரு ஓட்டலின் தொலைபேசி எண் குறித்து வைத்திருக்கிறீர்களா?

எட்டில் கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்த ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டால், போலீஸ் கை காட்டி வண்டியை நிறுத்தும் மாலையிலும் அன்றிரவு தலைக்கு மேல் கூரை உண்டு.